கணக்கில் வராத நீர்

காரைக்குடி, நூறடி ரோடு, மதியம் இரண்டே கால்.
வெளியே தார் இளகுகிறது.
உள்ளே காந்தத்துக்காகப் பதினெட்டு டிகிரி.
எனக்கு ஸ்வெட்டர், பஞ்சவர்ணத்துக்குக் கம்பளி.

புதுவயல் கூட்டுறவுச் சங்கத்தில் கேஷியர்.
மதுரையில் கர்ப்பப்பையோடு
அடிவயிற்று நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள்.
உயிர் தங்கியது.
இடதுகால் மட்டும்
வேறு யாருடையதோ போலக் கனக்கிறது.

பேஸ்மேக்கர் உண்டா, உடம்பில் இரும்பு உண்டா,
கிட்னிக்கு ரத்தம் பார்த்தாச்சா என்று
தாளைப் பார்த்துக் கேட்டு முடித்தேன்.
வலதுகால் மெட்டி சோப்பு போட்டதும் கழன்றது.
இடதுகால் மெட்டியை வெட்டி எடுத்து மூன்று வருஷம்;
அந்த வெள்ளித் துண்டு
பர்ஸின் சில்லறை அறையில்.
"அதையும் வெளிய வைக்கணுமா?"
வைக்கணும்.

மெட்டித் தடத்துக்குப் பக்கத்திலேயே
விரலிடுக்கில் ஊசி.
டாக்டர் ஆரோக்கியநாதன் மெதுவாகத்தான் போடுவார்:
கொஞ்சம் மரப்பு மருந்து, மீதி காடோலினியம்,
தோலுக்கடியில் துவரம்பருப்பளவு மேடு.
அதை நான் கட்டைவிரலால் நீவிவிட வேண்டும்.
"நாலும் நாலும் எட்டு" என்றார் பஞ்சவர்ணம்
பல்லைக் கடித்துக்கொண்டு.
வலியையும் எண்ணி வாங்குகிறவர்.

"கைநரம்புல போட்டா சட்டுனு ஏறுமே, காலுல எதுக்கு?"

ரத்தம் நாளெல்லாம் சதைக்குக் கடன் கொடுக்கிறது, அக்கா.
முக்கால்வாசியை அதுவே வசூலித்துக்கொள்ளும்.
நிலுவை இரண்டு மூன்று லிட்டர்;
அதைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நிணநீர்.
அதற்கென்று இதயம் கிடையாது, வண்டி கிடையாது.
நீங்கள் நடந்தால் அது நடக்கும்.

"அப்ப என் காலுல வசூல் நின்னு போச்சு."
ஆமாம்.
"ஐந்தொகை கட்டல."
என் பாடப்புத்தகத்தில் இதற்கு ஏழு பக்கம்.

தட்டத் தொடங்கியது இயந்திரம்.

ஐந்தாம் நிமிஷம்: கறுப்பு. பாதத்தில் எட்டுப் பொட்டு.
பதினைந்தில் வலதுகால் தன் வேலையைச் செய்தது,
அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
இடதில் பளீரென்று ஒரு கோடு,
வழவழப்பாக, நேராக, முழங்கால் வரை.
எனக்குக் கை பரபரத்தது.
குறித்திருந்தால் அவமானம்: அது சிரை.
மருந்தை முதலில் திருடிக்கொண்டு
முதலில் மங்கிப்போகும் அவசரக்காரன்.
பொறுக்க வேண்டும்.
இந்த வேலையில் பாதி பொறுப்பதுதான்.

முப்பத்தைந்தில் கெண்டைக்காலெங்கும் மூட்டம்,
சுண்ணாம்பைக் கரைத்து விசிறியது போல.
வழி இல்லாத நீர் தோலுக்குள் ஒதுங்கியிருக்கிறது.
மைக்கில் சொன்னேன், அசையாதீங்க, இன்னும் ஒரு தரம்.
"நானூத்திப் பன்னெண்டு தட்டு எண்ணினேன்,
நீங்க பேசி விட்டுப்போச்சு."

ஐம்பதாம் நிமிஷம்,
சிரை அணைந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி,
கணுக்காலுக்கு மேலே நாலு விரற்கடையில்
ஒரு நூல்.
புடைத்து, இளைத்து, மறுபடி புடைத்து,
பாசிமணி கோத்த மாதிரி
மேல்நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

டாக்டர் வந்து பார்த்தார்.
சென்னையில் மயிரிழைத் தையல் போடுகிறார்கள்,
இந்த நூலைப் பக்கத்துச் சிரையோடு இணைக்கலாம்,
வீக்கம் கொஞ்சம் வடியலாம்.
இரண்டு 'லாம்'.
பஞ்சவர்ணம் இரண்டையும் கவனித்ததாகத்தான் எனக்குப் பட்டது.

ஃபிலிமை வாங்கி
டியூப்லைட்டை நோக்கித் தூக்கிப் பிடித்தார்,
ஐந்நூறு ரூபாய்த் தாளைப் பிடிப்பது போல.
சாய்த்தார். நிமிர்த்தினார்.
நாங்கள் யாரும் காட்டவில்லை;
அவர் நகம் நேராக அங்கே போய் நின்றது.

"இது விட்டு விட்டுத் தெரியுது பாருங்க.
நல்ல நோட்டுல இழை இப்படித்தான் இருக்கும்.
ஒரே கோடா இருந்தாத்தான் சந்தேகப்படணும்."

பிறகு குனிந்து வலதுகாலில் மெட்டியைப் போட்டார்.
வெள்ளித் துண்டைச் சில்லறை அறையில் போட்டு
ஜிப்பை இழுத்தார்.
கவுண்டரில் கொடுத்த மீதியில்
பத்து ரூபாய் கூடுதலாக இருந்ததாம்.
திரும்பி வந்து வைத்துவிட்டு,
இடதுகாலை முதலில் எடுத்து வைத்து,
வெயிலுக்குள் போனார்.